அளவுகோல் எவர் கையில்? — வங்கிக் கடன் வட்டிவீத நிர்ணயம் பற்றிய ஓர் ஆய்வு

வட்டி என்பது பிறர் பணத்தைப் பயன்படுத்துவதற்குக் கொடுக்கப்படும் விலை என்பது பொருளியலின் அரிச்சுவடி. ஆயினும் ஏனைய விலைகளுக்கும் இவ்விலைக்குமிடையே அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. சந்தையில் ஒரு மூடை அரிசி வாங்கியவர் பணத்தைக் கொடுத்து அகன்றபின், அரிசியின் விலை ஏறினும் இறங்கினும் அவ்வரிசியைப் பொறுத்தவரை அவருக்கு நட்டமோ இலாபமோ இல்லை. மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் பெற்றவரின் நிலை அத்தகையதன்று. அவர் கொண்ட பண்டத்தின் விலை, கொள்வனவு முடிந்த பின்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் மாறிக்கொண்டேயிருக்கும். எனவே இன்று விலை யாது என்ற வினாவிலும், நாளை அதனை மாற்றும் அளவுகோல் எது, அது எவர் கையில் உள்ளது என்ற வினாவே அவருக்கு முக்கியமானது.

இவ்வினாவை ஆராய்வதற்கு அயல்நாடான இந்தியாவின் அனுபவம் மிகப் பொருத்தமானது. 1994ஆம் ஆண்டின் பின் கால் நூற்றாண்டுக்குள் அந்நாடு கடன் வட்டியின் அளவுகோலைத் திரும்பத் திரும்ப மாற்றியமைத்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் முந்திய முறையின் ஒரு குறையை ஒப்புக்கொண்டதன் விளைவாகும். அக்குறைகளின் வரலாற்றை நோக்குவதும், அதிலிருந்து பெறப்படும் முடிவுகளை நமது நாட்டின் நடைமுறையோடு ஒப்பிடுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அளவுகோல் வீதமும் மேற்கூட்டும்

மாறும் வட்டிக் கடன் எதனிலும் வட்டிவீதம் இரு பகுதிகளால் ஆனது. முதலாவது, எல்லாக் கடன்பெறுநருக்கும் பொதுவான அளவுகோல் வீதம். இரண்டாவது, குறித்த கடன்பெறுநரின் நிலையைப் பொறுத்து அதன்மேல் சேர்க்கப்படும் மேற்கூட்டு. கடன் திரும்பிவராது போகக்கூடிய இடர், கடனின் காலம், வங்கி எதிர்பார்க்கும் இலாபம் முதலியன மேற்கூட்டில் அடங்கும். அளவுகோல் வீதம் 6 சதவீதமாகவும் மேற்கூட்டு 2 சதவீதமாகவும் இருப்பின் கடன்பெறுநர் செலுத்துவது 8 சதவீதம். அளவுகோல் 7 ஆயின் அவர் செலுத்துவது 9.

ஒரு சதவீத ஏற்றம் சிறிதெனத் தோன்றலாம். அதன் உண்மையான பாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பத்து இலட்சம் ரூபாவை 8 சதவீத வட்டிக்கு இருபது ஆண்டுகளில் தீர்க்கும் ஒருவர் மாதந்தோறும் ஏறக்குறைய 8,364 ரூபா செலுத்துதல் வேண்டும். கடன் பெற்ற உடனேயே வட்டி 9 சதவீதமாக உயர்ந்து, தவணைத் தொகையை மாற்றாது கடனின் காலம் மட்டும் நீட்டப்படுகிறதெனக் கொள்வோம். 240 மாதங்களில் தீரவேண்டிய கடன் அப்போது 304 மாதங்கள்வரை செல்லும். அதாவது, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் கூடுதலாக உழைத்துச் செலுத்தும் தொகை ஐந்து இலட்சத்து முப்பதாயிரம் ரூபாவைத் தாண்டும். மாதத் தவணை மாறாதபடியால் இப்பாரம் அவருக்குப் புலப்படாமலே போதலும் கூடும். அளவுகோல் பற்றிய வினா வங்கியியல் வல்லுநருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இக்கணக்கே போதிய சான்றாகும்.

2. விளம்பரப்படுத்திய விலையும் வாங்கிய விலையும்

1990களின் தொடக்கம் வரை இந்தியாவில் கடன் வட்டிவீதங்களை மத்திய வங்கியாகிய இந்திய ரிசேர்வ் வங்கியே பெருமளவில் விதித்து வந்தது. தாராளமயக் கொள்கையின் ஒரு கூறாக 1994 ஒக்ரோபரில், இரண்டு இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட கடன்களின் வட்டியைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை வர்த்தக வங்கிகளுக்கு அளிக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஒவ்வொரு வங்கியும் தனது முதன்மைக் கடன் வீதத்தைப் பகிரங்கமாக அறிவித்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. முதன்மைக் கடன் வீதம் என்னும் கருத்து ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் உருவானது. மிக நம்பகமான வாடிக்கையாளரிடம் வங்கி அறவிடும் வட்டியே அது. ஏனையோருக்குரிய வட்டி அதனிலும் கூடுதலாகவே இருக்கும் என்பது அதன் உட்பொருள்.

ஆனால் இந்த உட்பொருள் நீண்டகாலம் நிலைக்கவில்லை. 2001இல், நம்பகமான பெருங்கடன்பெறுநருக்கு முதன்மை வீதத்திலும் குறைந்த வட்டிக்குக் கடன் வழங்க அனுமதி கிடைத்தது. 2003இல் ‘அளவுகோல் முதன்மைக் கடன் வீதம்’ என்ற புதிய பெயருடன் முறை சீரமைக்கப்பட்டது. நிதி திரட்டும் செலவு, நிருவாகச் செலவு, ஒதுக்கீடுகளுக்கும் மூலதனத்துக்கும் உரிய குறைந்தபட்ச ஈடு, இலாபம் ஆகியவற்றைக் கொண்டு வங்கிகள் அதனைக் கணித்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. நடைமுறையிலோ, அறிவிக்கப்பட்ட வீதம் உயர்ந்தே நிற்க, பெருங் கொம்பனிகள் அதற்குக் கீழே பேரம்பேசிக் கடன் பெற்றன. 2008 அளவில், ஏற்றுமதிக் கடன்களும் சிறு கடன்களும் நீங்கலாக ஏனைய கடன்களில் மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்டவை அறிவிக்கப்பட்ட முதன்மை வீதத்துக்குக் கீழேயே வழங்கப்பட்டிருந்தன.

இங்கு எழும் முரண்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. மிகச் சிறந்த வாடிக்கையாளருக்குரிய வீதம் என அறிவிக்கப்பட்டது, பேரம்பேசும் வலிமையற்றவர்கள் செலுத்தும் வீதமாக மாறிவிட்டது. சிறு வணிகரும் வீட்டுக்கடன் பெற்ற மாதச் சம்பளக்காரரும் அறிவிப்புப் பலகையிலுள்ள வீதத்தை ஒட்டிச் செலுத்த, பெருமூலதனம் பலகையைப் பாராமலே தனக்குரிய விலையை நிர்ணயித்துக்கொண்டது. பெருங் கடன்களில் வங்கி இழந்த வருவாயைச் சிறு கடன்களே ஈடுசெய்யும் நிலை இதனால் தோன்றியது. தீபக் மொகந்தி தலைமையிலான செயற்குழு 2009 ஒக்ரோபரில் அளித்த அறிக்கை, இம்முறை வெளிப்படைத்தன்மையை இழந்துவிட்டதென ஏற்று, புதிய முறையொன்றை விதந்துரைத்தது.

3. அடிப்படை வீதமும் சராசரிச் செலவும்

இவ்விதப்புரையின்படி 2010 யூலை 1ஆம் திகதி ‘அடிப்படை வீதம்’ நடைமுறைக்கு வந்தது. சில விதிவிலக்குகள் நீங்கலாக எந்தக் கடனையும் இவ்வீதத்துக்குக் கீழே வழங்கலாகாது என்பது இதன் சாரம். பெருங் கொம்பனிகளுக்குத் தளம் ஒன்று இடப்பட்ட அதேவேளை, இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த சிறு கடன்களுக்கு அதுவரை இருந்துவந்த வட்டி உச்சவரம்பு நீக்கப்பட்டது என்பதும் மறத்தற்குரியதன்று.

அடிப்படை வீதம் ஒரு குறையைத் தீர்த்தது, மற்றொன்றைத் தீர்க்கவில்லை. அதனைக் கணிக்கும் முறையை வங்கிகளே தெரிவுசெய்யலாம் என விடப்பட்டதால், பல வங்கிகள் நிதியின் சராசரிச் செலவை ஆதாரமாகக் கொண்டன. வங்கியொன்றின் நிதியில் பெரும்பகுதி ஓராண்டு, மூவாண்டு, ஐந்தாண்டு என்னும் தவணை வைப்புகளாக இருக்கும். சென்ற ஆண்டு 9 சதவீதத்துக்குப் பெற்ற வைப்புக்கு, இவ்வாண்டு புதிய வைப்பின் வட்டி 7 ஆக இறங்கினும், தவணை முடியும்வரை 9 சதவீதமே கொடுத்தாக வேண்டும். ஆகவே மத்திய வங்கி தனது வீதத்தைக் குறைக்கும்போது வங்கியின் சராசரிச் செலவு மெல்லவே இறங்கும். 2015 சனவரி முதல் செப்ரெம்பர் வரை இந்திய ரிசேர்வ் வங்கி தனது கொள்கை வீதத்தை 8 சதவீதத்திலிருந்து 6.75 சதவீதமாக, அதாவது 1.25 சதவீதப் புள்ளிகளால் குறைத்தது. வங்கிகளின் அடிப்படை வீதமோ இடைநிலை அளவில் 0.60 புள்ளியே இறங்கியதென அவ்வங்கி அவ்வாண்டு டிசெம்பரில் குறிப்பிட்டது. பாதிக்கும் குறைவான பயனே கடன்பெறுநரைச் சென்றடைந்தது.

4. எல்லைச் செலவு முறை

சராசரிச் செலவு மெல்ல அசையுமெனின், இன்று ஒரு ரூபாவைப் புதிதாகத் திரட்ட ஆகும் செலவை, அதாவது எல்லைச் செலவை, ஆதாரமாகக் கொள்ளலாமே என்பது அடுத்து எழுந்த சிந்தனை. 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த எல்லைச் செலவுசார் கடன் வீதம் நான்கு கூறுகளைக் கொண்டது. அவை நிதியின் எல்லைச் செலவு, மத்திய வங்கியில் வைக்கும் காசு ஒதுக்கினால் ஏற்படும் இழப்பு, நிருவாகச் செலவு, கடனின் காலத்துக்குரிய ஈடு என்பன.

இவற்றுள் முதலாவது கூறு, வைப்புகளுக்கும் பிற கடன்பாடுகளுக்கும் அன்று வழங்கப்படும் வட்டியை 92 பங்காகவும், வங்கியின் சொந்த மூலதனம் ஈட்டவேண்டிய பயனை 8 பங்காகவும் நிறையிட்டுக் கணிக்கப்படும். இரண்டாவது கூற்றை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். வங்கி திரட்டும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 4 ரூபாவை மத்திய வங்கியில் வட்டியின்றி வைத்தல் வேண்டுமெனவும், நிதியின் எல்லைச் செலவு 6 சதவீதமெனவும் கொள்வோம். 100 ரூபாவுக்கு 6 ரூபா வட்டி கொடுக்கும் வங்கி 96 ரூபாவையே கடனாக வழங்க இயலும். எஞ்சிய 4 ரூபாவுக்குக் கொடுத்த 24 சத வட்டியை அந்த 96 ரூபாவிலிருந்தே மீட்டாக வேண்டும். எனவே கடன் வட்டியில் கால் சதவீதம் இதன்பொருட்டுச் சேர்கின்றது. ஒரு நாள் முதல் ஓராண்டு வரையான வெவ்வேறு காலங்களுக்குரிய வீதங்களை வங்கிகள் மாதந்தோறும் வெளியிடுதல் வேண்டும். குறித்த கடனின் வட்டி ஓராண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மீளமைக்கப்படும்.

கணித அளவில் இம்முறை முந்தியவற்றிலும் துல்லியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கணக்கைச் செய்பவர் வங்கியே; கணக்கிற்குரிய எண்களைத் தருபவரும் வங்கியே. ஜனக் ராஜ் தலைமையிலான ஆய்வுக்குழு 2017இல் சமர்ப்பித்த அறிக்கை, அடிப்படை வீதத்தையும் எல்லைச் செலவு வீதத்தையும் கணிப்பதில் வங்கிகள் விதிக்கப்பட்ட முறைகளிலிருந்து தம் விருப்பப்படி விலகியமையை எடுத்துக்காட்டிற்று. அளவுகோல் இறங்கும்போது மேற்கூட்டை உயர்த்திக் கடன் வட்டியை இறங்காது தடுக்கும் வழியும் வங்கிகளுக்குத் திறந்திருந்தது. மேலும், பழைய முறையில் கடன் பெற்றோர் பலர் பழைய முறையிலேயே தங்கிவிட்டனர். ஒரே வங்கியில், ஒத்த வருமானமுடைய மூன்று அயலவர், கடன் பெற்ற ஆண்டு ஒன்றினாலேயே மூன்று வெவ்வேறு வட்டிகளைச் செலுத்த நேர்ந்தது.

5. வெளிநின்ற அளவுகோல்

இவ்வறிக்கையின் மையக் கருத்து எளிமையானது. அளப்பவரே அளவுகோலை ஆக்கும்வரை சூத்திரத்தை எத்தனை முறை திருத்தினும் பயனில்லை. அளவுகோல் வங்கிக்கு வெளியே இருத்தல் வேண்டும். இதற்கிணங்க 2019 செப்ரெம்பரில் பிறப்பிக்கப்பட்ட பணிப்பின்படி, 2019 ஒக்ரோபர் 1 முதல் தனியாட்களுக்கும் குறு, சிறு தொழில்முயற்சிகளுக்கும் மாறும் வட்டிக்கு வழங்கப்படும் புதிய கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றுடன் பிணைக்கப்பட்டன. 2020 ஏப்ரல் முதல் நடுத்தரத் தொழில்முயற்சிகளும் இதனுள் அடங்கின. ரிசேர்வ் வங்கியின் மீள்கொள்வனவு வீதம் எனப்படும் ரெப்போ வீதம், மூன்று மாத அல்லது ஆறு மாதத் திறைசேரி உண்டியல்களின் விளைவு வீதம் முதலியவற்றுள் ஒன்றை வங்கி தெரிவுசெய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் கடன் வட்டி மீளமைக்கப்படல் வேண்டும். மேற்கூட்டை நிர்ணயிக்கும் உரிமை வங்கிக்கே உரியது. ஆயின், கடன்பெறுநரின் நம்பகநிலை கணிசமாக மாறினாலன்றி இடருக்குரிய கூற்றை மாற்றலாகாது. ஏனைய கூறுகளையும் மூன்றாண்டுக்கு ஒரு முறையே மாற்றலாம் என விதிக்கப்பட்டது. கடன்பெறுநருக்கு நன்மையாக அவற்றை அதற்கு முன்னரே குறைக்க 2025 ஒக்ரோபர் முதல் இடமளிக்கப்பட்டுள்ளது.

இம்முறையின் வலிமையும் வன்மையும் விரைவிலேயே வெளிப்பட்டன. பெருந்தொற்றின்போது, 2020 மே மாதத்தில் ரெப்போ வீதம் 4 சதவீதமாக இறங்கியபோது புதிய கடன்பெறுநர் அதன் பயனை விரைந்து பெற்றனர். 2022 மே முதல் 2023 பெப்ரவரி வரை அதே வீதம் 6.5 சதவீதமாக உயர்ந்தபோது பாரமும் அவ்வாறே விரைந்து வந்தது. தவணையை மாற்றாது காலத்தை நீட்டும் வழக்கம் பரவியதால், 2023 ஆகஸ்டில் ரிசேர்வ் வங்கி தலையிட நேர்ந்தது. வட்டி மீளமைக்கப்படும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைத் தெரிவுசெய்யும் வாய்ப்பையும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பையும் கடன்பெறுநருக்கு அளித்தல் வேண்டுமென அது பணித்தது. 2025இல் வீதம் மீண்டும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு டிசெம்பரில் 5.25 சதவீதமாயிற்று.

வங்கிகள் தரப்பு நியாயத்தையும் இங்கு கூறுதல் முறையாகும். கடன் வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை இறங்க, தவணை வைப்புகளுக்குக் கொடுக்கும் வட்டி இறங்காது நிற்பின், இடைப்பட்ட இழப்பை வங்கி தாங்குதல் வேண்டும். வைப்பாளரெல்லாம் செல்வந்தரல்லர், ஓய்வூதியத்தை வைப்பிலிட்டு அதன் வட்டியில் வாழும் முதியோரும் அவர்களுள் அடங்குவர். இந்நியாயம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின், வீதம் ஏறும்போது கடன் வட்டி உடனே ஏற, பழைய வைப்பின் வட்டி ஏறாது நிற்பதால் அதே வங்கி இலாபமடைகின்றது. ஏற்றத்தின் இலாபத்தை ஏற்று, இறக்கத்தின் இழப்பை மட்டும் மறுப்பது நியாயமாகாது.

6. வெளியே இருப்பது மட்டும் போதுமா?

அளவுகோல் ஒரு தனி வங்கிக்கு வெளியே இருப்பினும், வங்கிகளின் கூட்டத்துக்கு உள்ளே இருத்தல் கூடும். இலண்டன் வங்கிகளிடைக் கடன் வீதத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1986 முதல் பிரித்தானிய வங்கியாளர் சங்கத்தின் பெயரில் வெளியிடப்பட்ட அவ்வீதம், உண்மையாக நடந்த கொடுக்கல் வாங்கலை அன்றி, தாம் எவ்வட்டிக்குக் கடன் பெறக்கூடும் என முன்னணி வங்கிகள் கூறிய மதிப்பீட்டையே ஆதாரமாகக் கொண்டது. உலகெங்கும் பல கோடிக் கடன் ஒப்பந்தங்கள் அதனோடு பிணைந்திருக்க, சில வங்கிகள் தமது ஆதாயத்துக்காக அம்மதிப்பீட்டைத் திரித்துக் கூறியமை 2012இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் பார்க்ளேஸ் வங்கிக்குப் பெருந்தண்டம் விதிக்கப்பட்டது. ஈற்றில் வங்கிகளின் மதிப்பீட்டிலிருந்து அமெரிக்க டொலருக்குரிய வீதத்தைக் கணிக்கும் முறை 2023 யூனுடன் முடிவுற்றது. எவரும் சரிபார்க்கக்கூடிய, உண்மையாக நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலில் வேரூன்றிய அளவுகோலே நம்பத்தக்கது என்பது இதன் படிப்பினை.

7. இலங்கையின் நிலை

மேற்கூறிய நோக்கில் நமது நாட்டின் நடைமுறையைக் காணுதல் பயனுடையது. இங்கு மாறும் வட்டிக் கடன்கள் பலவற்றுக்கு அளவுகோலாக அமைவது சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன்வழங்கல் வீதமாகும். வர்த்தக வங்கிகள் தமது முதன்மை வாடிக்கையாளருக்கு வழங்கிய குறுங்காலக் கடன்களின் வட்டியிலிருந்து இலங்கை மத்திய வங்கி இதனை வாரந்தோறும் கணித்து வெளியிடுகின்றது. வெறும் மதிப்பீடன்றி உண்மையாக வழங்கிய கடனை ஆதாரமாகக் கொள்வதும், தனி வங்கியொன்று தன்னிச்சையாக மாற்றவியலாததும் இதன் சிறப்புகள். ஆயினும் இது கொள்கை வீதத்தைப் போன்று வங்கிகளுக்கு முற்றிலும் புறம்பானதன்று. வங்கிகள் கூட்டாக அறவிட்ட விலையின் சராசரியே மீண்டும் அவற்றின் விலைக்கு ஆதாரமாகின்றது. பெருங் கொம்பனிகளின் பேரத்தில் பிறந்த வீதம் சிறு கடன்பெறுநரின் வட்டியை அசைக்கின்றது.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தி, துணைநில் வைப்பு வசதி வீதத்தை 13.5 ஆகவும் கடன் வசதி வீதத்தை 14.5 ஆகவும் ஆக்கியது. திறைசேரி உண்டியல்களின் விளைவு வீதம் அவ்வாண்டின் பிற்பகுதியில் 30 சதவீதத்தைக் கடந்தது. 2021 இறுதியில் 9 சதவீதத்துக்குக் குறைவாக இருந்த முதன்மைக் கடன்வழங்கல் வீதம் 2022 இறுதியில் ஏறக்குறைய 27 சதவீதமாயிற்று. ஏற்றம் இவ்வாறு விரைந்தது. 2023 யூனிலும் யூலையிலும் கொள்கை வீதங்கள் மொத்தமாக 4.5 புள்ளிகள் குறைக்கப்பட்டபோதோ, கடன் வட்டிகள் அதே விரைவில் இறங்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மத்திய வங்கி சட்டபூர்வமான கட்டளையொன்றின் மூலம் வட்டியைக் குறைக்குமாறு வங்கிகளைப் பணிக்கவும், நகை அடகுக் கடனுக்கு 18 சதவீதம், கடனட்டைக்கு 28 சதவீதம் என உச்சவரம்பு விதிக்கவும் வேண்டியதாயிற்று. அளவுகோல் தானே இறங்கிக் கடன்பெறுநரைச் சென்றடையுமாயின் இத்தகைய கட்டளைக்குத் தேவையே எழுந்திராது.

முடிவுரை

இந்திய வரலாறும் இலங்கை அனுபவமும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. கடன் வட்டி ஏறும்போது விரைவதும் இறங்கும்போது தயங்குவதும் இயற்கை நியதியன்று. அளவுகோலை ஆக்கும் உரிமை எவரிடம் உள்ளது என்பதன் விளைவே அது. ஆகவே எந்த அளவுகோலையும் மூன்று வினாக்களால் சோதித்தல் வேண்டும். கடன் வழங்கும் வங்கி அதனைத் தானே மாற்றக்கூடுமா? கடன்பெறுநர் அதனைச் செய்தித்தாளில் பார்த்துத் தமது வட்டியைத் தாமே கணித்துச் சரிபார்க்கக்கூடுமா? அதன்மேல் சேரும் மேற்கூட்டு, கடனின் காலம் முழுவதும் எந்நிபந்தனையில் மாறும் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா?

இம்மூன்றும் நிறைவேறினும் வட்டி குறைவாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பணவீக்கமும் அரசின் கடன் தேவையும் அதனை உயர்த்தலாம். ஆனால் உயர்வுக்கும் தாழ்வுக்கும் காரணம் கேட்கும் உரிமையேனும் கடன்பெறுநருக்கு உறுதியாகும். சந்தையில் படிக்கல்லின் நிறையை அரசு பரிசோதித்து முத்திரையிடுவதை எவரும் வணிகச் சுதந்திரத்தில் தலையிடுவதாகக் கருதுவதில்லை. கடன் சந்தையின் படிக்கல்லுக்கும் அத்தகைய முத்திரையைக் கோருவது, இருபது ஆண்டு உழைப்பை ஈடுவைத்து வீடு கட்டும் மக்களின் நியாயமான கோரிக்கையாகும்.